தே ஓ கோசோங்

டிசம்பர் பிறந்தால் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பனி பெய்யத் தொடங்கிவிடும். பைன் மரம், பனிமனிதன், சிவப்புக் குல்லாய். அடியில் ஒரு வரி: 'ஆரோக்கியத்தோடும் மகிழ்ச்சியோடும் விடுமுறையைக் கழிக்க வாழ்த்துகள்.' அனுப்புகிறவர்கள் ஈப்போவிலும் ஈசூனிலும் இருப்பவர்கள். பனி என்று அவர்கள் பார்த்தது டாங்ளின் மாலில் கிறிஸ்துமஸுக்குக் கொட்டும் நுரையைத்தான். சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலைகளில் ஒன்றே 19.4 டிகிரி, அதுவும் 1934 ஜனவரியில். எங்களுக்குக் குளிர்காலம் என்றால் மழைதான். வடகிழக்குப் பருவமழையில் டிசம்பர் மாதம் மட்டும் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும்.

பனிப்படத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அந்த வாழ்த்தில் வரும் இரண்டு 'ஓடும்'கள்தான் உறுத்தும். ஆரோக்கியமும் மகிழ்ச்சியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி கைகோத்துக்கொண்டு வரும் என்று நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் சாப்பாட்டு மேசையின் எதிரெதிர்ப் பக்கங்களில் உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் அப்பா.

அப்பாவுக்கு 71 வயது. துறைமுகத்தில் 35 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இனிப்புநீர் வந்து இருபது வருடமாகிறது. (நீரிழிவு என்று செய்தியில்தான் சொல்வார்கள். இங்கே பெரியவர்கள் பேச்சில் அது இனிப்புநீர்தான்.) ஆள் ஒல்லி. அதனாலேயே, "எனக்கு எப்படி இது வந்துச்சு?" என்று இன்றைக்கும் வியப்பார். 2004இல் லான்செட் இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இருவருக்கும் உயரத்துக்கு எடை என்ற உடல்நிறைக் குறியீடு ஒன்றேதான், 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு ஒருவருக்கு 9.1 சதவீதம், மற்றவருக்கு 21.2. அதிகம் யாருக்கு என்று சொல்லவேண்டியதில்லை. அந்தப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். "ஆளு நம்ம சித்தப்பா மாதிரியே இருக்காரு" என்றார்.

2010இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில் இங்குள்ள பெரியவர்களில் 11.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 17.2 சதவீதம். 2016இல் சுகாதார அமைச்சர் நீரிழிவின்மீது போர் அறிவித்தார். மறு வருடம் தேசிய தினப் பேரணி உரையிலேயே பிரதமர் லீ சியன் லூங் அதற்கு நேரம் ஒதுக்கிப் பேசினார். போர் என்று வந்துவிட்டால் களம் வேண்டும். எங்கள் வீட்டில் அது அப்பாவின் தட்டு.

மற்ற மாதங்களில் இந்தப் போர் சமாளிக்கக்கூடியதுதான். ஆண்டுக் கடைசியில்தான் முற்றும். 2023ஐயே எடுத்துக்கொள்கிறேன். நவம்பர் 12 தீபாவளி. முறுக்கு டின்னும் நெய்யுருண்டை டின்னும் காலியாவதற்குள் 18ஆம் தேதி பள்ளி விடுமுறை தொடங்கி, ஈப்போவிலிருந்து அத்தை வந்துவிட்டார். பிறகு கிறிஸ்துமஸ் கேக், புத்தாண்டு, பொங்கல், தைப்பூசம், பிப்ரவரி 10இல் சீனப் புத்தாண்டு. மூன்று மாதம் ஒருவர் விடாமல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நீட்டும் டின்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதே மின்தூக்கியில் அவரோடு எப்படி ஏறி இறங்குவது?

ஆனால் ரத்தம் எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொள்கிறது. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அந்த நாட்களில் அதன்மேல் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் 'எச்பிஏ1சி' பரிசோதனை சொல்கிறது. பரிசோதனைக்கு முதல் நாள் பட்டினி கிடந்தாலும் அதை ஏமாற்ற முடியாது. அப்பாவுக்குப் பரிசோதனை வருவது பிப்ரவரியில். அதாவது தீபாவளி முதல் தைப்பூசம் வரைக்கும் உள்ள கணக்கு முழுவதும் ஒரே எண்ணாக வந்து நிற்கும். போன பிப்ரவரியில் அது 8.6. பலதுறை மருந்தகத்திலிருந்து வீடு வரும்வரை அம்மா பேசவில்லை.

அதனால் 2023 டிசம்பரில் அம்மா முன்கூட்டியே ஏற்பாடுகள் செய்திருந்தார். இனிப்பு டின்கள் அரிசி மூட்டைக்குப் பின்னால் போயின. அப்பாவுக்கு மட்டும் தனி டம்ளர், தனிச் சோறு. நாங்கள் கேசரி சாப்பிடும்போது அவருக்கு நான்கு துண்டு கொய்யா. அத்தைக்கு இதெல்லாம் தாங்கவில்லை.

"அண்ணே, இது வெல்லம் போட்டது. சீனி இல்ல. ஒண்ணும் பண்ணாது."

நம்மிடையே சாகாவரம் பெற்ற பொய்களில் இது ஒன்று. வெல்லத்தில் கொஞ்சம் இரும்புச்சத்தும் மற்ற தாதுக்களும் இருக்கலாம். மீதி சீனியேதான். ரத்தத்துக்குப் போனபின் நிறம் பார்க்கிற ஆள் அங்கே யாருமில்லை. கூலா மலாக்காவுக்கும் இதே கதைதான். இனிப்பை மட்டும் எதிரியாக்கிவிட்டு நாலு தோசையை யாரும் எண்ணுவதில்லை என்பது இன்னொரு வேடிக்கை. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ என்று சுகாதார மேம்பாட்டு வாரியம் படம் போட்டுக் காட்டுகிறது. வாழையிலையில் கால் பங்கு எங்கே முடிகிறது என்று யாராவது காட்டட்டும்.

அம்மாவாவது பரவாயில்லை. பெரிய அதிகாரி என் மகள்தான். தொடக்கநிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வகுப்பில் இப்போது தேர்வு கிடையாது. தனக்கு யாரும் மதிப்பெண் போடாததாலோ என்னவோ, தாத்தாவுக்குப் போட ஆரம்பித்தாள். 2022 டிசம்பர் 30 முதல் இங்கே டின், பொட்டலப் பானங்களுக்கு 'நியூட்ரி கிரேட்' எழுத்து வந்துவிட்டது. நூறு மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. ஐந்துக்கு மேல் என்றால் சி. இந்த இரண்டும் எழுத்தை முகத்தில் போட்டே ஆகவேண்டும். டி வாங்கியவற்றுக்கு விளம்பரம் செய்யவும் தடை. குளிர்பெட்டியைத் திறந்து தாத்தா எதை எடுத்தாலும், "தாத்தா, அது டி! வை!" என்று கூடத்திலிருந்து கத்துவாள். எட்டு வயதுப் பிள்ளையிடம் பிடிபட்டு டின்னைத் திரும்ப வைக்கும் எழுபத்தொரு வயது மனிதரின் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் ஒரு வாரத்தில் அவர் குளிர்பெட்டிப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

பதிலாக தேக்காவுக்குப் போக ஆரம்பித்தார்.

நாங்கள் இருப்பது பூன் கெங்கில். இரண்டு ஸ்டேஷன் தாண்டினால் லிட்டில் இந்தியா. முன்பெல்லாம் காலையில் புளோக்கைச் சுற்றி ஒரு மணி நேரம் நடப்பார். மழை விடாத டிசம்பரில் நடை நின்றுபோகும். வயதானவர்களுக்கு இந்தப் பருவத்தில் சளி, காய்ச்சலைவிட இதுதான் பெரிய நஷ்டம் என்று நினைக்கிறேன். அந்த வருடம் கோவிட்டும் திரும்பியிருந்தது. டிசம்பர் 3 முதல் 9 வரை ஒரே வாரத்தில் சுமார் 56,000 பேருக்குத் தொற்று என்று சுகாதார அமைச்சு சொன்னது. கூட்டத்தில் முகக்கவசம் போடுங்கள் என்றார்கள். அப்பா கவசத்தைப் போட்டுக்கொண்டு ரயிலேறிப் போய், தேக்கா நிலையத்தில் உட்கார்ந்து, அதைக் கழற்றிவிட்டு ஒரு தே குடித்தார். சில நாட்களில் இரண்டு.

தே என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பாலும் சீனியும் சேர்ந்து வரும். தே சி என்றால் கெட்டிப்பாலுக்குப் பதில் சீனி சேராத டின் பால், ஆனால் சீனி தனியாக விழும். தே ஓ என்றால் பால் கிடையாது, சீனி உண்டு. சியூ தாய் என்றால் சீனி கம்மி. கோசோங் என்றால் காலி, சீனியே இல்லை. சீனமும் மலாயும் கலந்த இந்தச் சிறிய இலக்கணத்தில் எல்லாருக்கும் ஒரு இடம் உண்டு. அப்பாவின் இடம் வெறும் தே. கடைகளில் கலந்து தரும் பானங்களுக்கும் அந்த 2023 டிசம்பர் 30இலிருந்து எழுத்து வந்தது. ஆனால் அது பெரிய கடைத்தொடர்களுக்குத்தான், சிறு கடைகளுக்கு விலக்கு. தேக்காவின் கண்ணாடிக் குவளையில் எழுத்து இல்லை. பக்கத்தில் பேத்தியும் இல்லை.

அங்கே தே மட்டும் இல்லை. பழைய துறைமுகக் கூட்டாளிகள் மூன்று பேர் வருவார்கள். அவர்களுக்கும் இனிப்புநீர்தான். யாரும் யாருக்கும் அறிவுரை சொல்வதில்லை. நாள் முழுதும் ஆள் நிறைந்திருந்த எங்கள் வீட்டில், எல்லாரும் அவருடைய நன்மைக்காகவே பாடுபட்ட வீட்டில், அவர் தனியாகத்தான் இருந்தார்.

டிசம்பர் 23 வைகுண்ட ஏகாதசி. சனிக்கிழமை. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலுக்கு நானும் அப்பாவும் விடியலுக்கு முன்பே போய்விட்டோம். இங்கே டிசம்பரில் சூரியன் எழ ஏழு மணி ஆகும். மார்கழிக் காலை என்றால் நல்ல இருட்டு. தூறல், கூடாரத்துக்குக் கீழே நீண்ட வரிசை, ஈரத் துணி வாசனை, துளசி. அப்பா முதல் நாள் மாலையிலிருந்தே விரதம். வருடாவருடம் இருப்பதுதான். நடுவில் அவர் எரிச்சலோடு ஏதோ சொன்னார், வரிசை நகரவில்லை என்று. அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அந்தக் குளிரில் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கை நடுங்கியது.

எனக்கு மாரடைப்போ என்று பயம். பின்னால் நின்ற பையன்தான் முதலில் பேசினான். துவாஸ் பக்கம் தங்கும் விடுதியில் இருக்கிறவன், இரவே வந்து கோயிலில் படுத்திருந்தானாம்.

"அக்கா, ஐயாவுக்குச் சுகர் இருக்கா? மாத்திரை போட்டாரா?"

"போட்டேன்" என்றார் அப்பாவே. நேற்று இரவும் போட்டிருக்கிறார், காலையில் கிளம்பும்போதும் போட்டிருக்கிறார். விரதம் சாமிக்கு, மாத்திரை அம்மாவுக்கு.

"எங்கம்மாவுக்கு இப்படித்தான் வரும்க்கா. சுகர் எறங்கிருச்சு."

அவன் பையிலிருந்து செவ்வந்திப்பூத் தேநீர்ப் பொட்டலம் ஒன்றை எடுத்து உறிஞ்சுகுழல் குத்தி அப்பாவின் கையில் வைத்தான். ஏகாதசி என்று அப்பா தயங்கினார். "பெருமாள் ஒண்ணும் சொல்லமாட்டாரு, குடிங்க" என்று கொஞ்சம் அதட்டலாகவே சொன்னான். கோயில் தொண்டூழியர்கள் நாற்காலி கொண்டுவந்தார்கள். பொட்டலத்தில் பி என்று இருந்ததைப் பார்த்தேன். அந்த நேரத்திலும் கண் அங்கேதான் போயிற்று. சர்க்கரை இறங்கினால் 15 கிராம் இனிப்பு கொடுத்து 15 நிமிடம் பார்க்கவேண்டும் என்பது கணக்கு. பி என்றால் நூறு மில்லிக்கு 5 கிராமைத் தாண்டாது, 250 மில்லிப் பொட்டலத்தில் அதிகம் போனால் பன்னிரண்டரை. ஆரோக்கியமான பானம், அதனாலேயே கொஞ்சம் போதாது. அவனே சட்டைப்பையைத் துழாவி ஒரு மிட்டாயும் கொடுத்தான். கால் மணி நேரத்தில் அப்பாவின் வியர்வை அடங்கியது. முகம் தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அம்மாகிட்ட சொல்லாத."

சொன்னேன். அம்மா கத்துவார் என்றுதான் எதிர்பார்த்தேன். கத்தவில்லை. மாத்திரை டப்பாவைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி முதல் வாரம் பலதுறை மருந்தகத்தில் ஒரு மலாய்த் தாதி எங்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினார். எல்லா மாத்திரையும் ஒன்றல்ல என்பதை அன்றுதான் எங்கள் குடும்பம் தெரிந்துகொண்டது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை அப்படிச் சட்டென்று இறங்குவது அபூர்வம். அப்பா அதோடு சேர்த்துப் போடுவது கிளிக்லசைட். அது கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலின் சுரக்கவைக்கிற மருந்து. சாப்பாடு வந்ததா இல்லையா என்று அது கேட்காது. அளவு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் எந்த நோன்பானாலும் அந்த நிமிடமே முறித்துவிடவேண்டும் என்றார். (தமிழ்நாட்டுக் கணக்கில் 72 மில்லிகிராம்.) நோன்பு மாதத்துக்கு முன்னால் முஸ்லிம் நோயாளிகளிடம் தாங்களே கேட்டு, மருந்து நேரத்தையும் அளவையும் மாற்றிக் கொடுப்பதாகச் சொன்னார். "அங்கிள், நீங்க பூசா இருப்பீங்கன்னு சொல்லவே இல்லையே?" என்று கேட்டார். அப்பாவுக்குப் பதில் இல்லை. ஏகாதசி, சஷ்டி, புரட்டாசி சனிக்கிழமை, தைப்பூச விரதம் எல்லாம் நமக்குச் சாமி விஷயம். டாக்டரிடம் சொல்லும் விஷயமாக யாருக்கும் தோன்றுவதில்லை. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் விரதம் இருக்கும் பெரியவர்கள் இருந்தால் மாத்திரைச் சீட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

அந்த மார்கழியில் திருப்பாவையை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தேன். பாவை நோன்பை நாம் பக்தியாக வாசிக்கிறோம், கவிதையாக வாசிக்கிறோம். அதை ஒரு பத்தியத் திட்டமாகவும் வாசிக்கலாம். இரண்டாம் பாட்டில் விதிகள் வருகின்றன. நெய்யையும் பாலையும் விடுகிறார்கள், கண்ணுக்கு மையில்லை, தலைக்குப் பூவில்லை. இருபத்தேழாம் பாட்டில் நகை, புத்தாடை, நெய் மிதக்கும் பாற்சோறு என்று எல்லாம் திரும்பி வருகின்றன. என் கண்ணில் பட்டது வேறு. விடும்போதும் எல்லாரும் சேர்ந்து, உண்ணும்போதும் எல்லாரும் சேர்ந்து. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் நெய் சாப்பிட்டுக்கொண்டு, ஒருத்தியை மட்டும் பார்த்து உனக்கு ஆகாது என்று சொல்லவில்லை. எல்லாரும் விட்டால்தான் அது நோன்பு. ஒருவரை மட்டும் விடச்சொன்னால் அது தண்டனை, தண்டனையிலிருந்து ஆள் தப்பிக்கத்தான் பார்ப்பார். அப்பா தேக்காவுக்குத் தப்பினார்.

அம்மாவிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. அவர் ஆண்டாள் வழியாக இல்லாமல் சமையலறை வழியாக அங்கே வந்து சேர்ந்திருந்தார். "அவருக்கு மட்டும் பந்தாங் வெச்சா திருடத்தான் செய்வாரு" என்றார் ஒரு நாள். பந்தாங் மலாய்ச் சொல், விலக்கு என்று பொருள், பிரசவப் பத்தியத்துக்கு எங்கள் வீட்டில் அதைத்தான் சொல்வோம். ஜனவரியில் பள்ளி திறந்து, அத்தையும் ஊருக்குப் போனபிறகு வீட்டில் எல்லாருக்கும் ஒரே தே வந்தது. தே ஓ கோசோங். இரண்டு கரண்டி சீனி போட்டுக் குடித்தே பழகிய அம்மா உட்பட. என் கணவர் முதல் வாரம் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மகளின் மைலோ பாதியானது. அவள் அதை அநியாயம் என்றாள். தாத்தாவுக்கு அன்றைக்கு முதல்முறையாக ஒரு கூட்டாளி கிடைத்தாள்.

மார்கழி 27, கூடாரவல்லி. அம்மா அக்காரவடிசில் செய்தார். அரிசியும் பாசிப்பருப்பும் பாலிலேயே குழையவேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் அடுப்பை விட்டு நகரவில்லை. வெல்லத்தைக் குறைத்தார். நெய்யைக் குறைக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் எல்லாருக்கும் சோறு பாதி, கீரையும் கத்திரிக்காயும் நிறைய. கடைசியில் ஆளுக்கு ஒரு சின்னக் குழிக்கரண்டி. அப்பாவுக்கும் அதே கரண்டி, அதே அளவு. நாலு மாதத்தில் அவர் மேசையில் உட்கார்ந்து, எல்லார் முன்னாலும் சாப்பிட்ட முதல் இனிப்பு அதுதான். மகள் கேட்டாள், "பாட்டி, இது என்ன கிரேட்?"

"இதுக்கெல்லாம் கிரேட் கிடையாது. சாப்பிடு."

அப்பா மெதுவாகத்தான் சாப்பிட்டார். இரண்டாவது கரண்டி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா என்ன செய்திருப்பார் என்று நாங்கள் எல்லாருமே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பொங்கல் சமயத்தில் மகளை மாடு பார்க்கக் கேம்பல் லேனுக்குக் கூட்டிப்போனோம். வருடத்தில் அந்தச் சில நாட்கள்தான் லிட்டில் இந்தியாவுக்கு மாடு வரும். ஒரு காலத்தில் இது மாட்டுத் தொழுவங்களின் பேட்டை. பஃபலோ ரோடு என்ற பெயர் அப்படி நின்றதுதான். நானும் என் மகளும் பிறந்த கேகே ஆஸ்பத்திரியின் முழுப்பெயரே காண்டாங் கெர்பாவ், எருமைத் தொழுவம். இதைச் சொன்னதும் அவள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். தேக்காவில் உட்கார்ந்தோம். தாத்தா சத்தமாக, "தே ஓ கோசோங், ரெண்டு!" என்றார். கடைக்காரர் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார். தனியாகப் போகும் நாட்களில் என்ன கேட்கிறார் என்று நான் விசாரிக்கவில்லை.

பிப்ரவரி முதல் வாரம் பரிசோதனை முடிவு வந்தது. 7.9. ஏழுக்குள் வரவேண்டும், ஆனாலும் இது பரவாயில்லை என்றார் மருத்துவர். அம்மா பரவாயில்லை என்று சொல்லவில்லை, ஆனால் ரயிலில் பேசிக்கொண்டு வந்தார். மூன்றாம் வீட்டு ஆன்ட்டி சீனப் புத்தாண்டுக்கு அன்னாசி டார்ட் டின்னோடு வந்து நின்றார். அம்மா வாங்கி, அரிசி மூட்டைப் பக்கம் போகாமல், மேசைமேல் வைத்தார். மூடியைச் சுற்றியிருந்த சிவப்பு நாடாவை மட்டும் அவிழ்க்கவில்லை.